பெர்மிட்டுக்காக விட்ட பங்கு

அது எழுபத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுதிப் பழக்கமில்லாதவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஏரியின் முறையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடங்கள் சிலதான். எந்த நாளில் யார் எங்கே என்று சீட்டுப் போட்டு எடுப்போம். இதற்குப் பாடு என்று பெயர். ஒரு பாடு என்றால் அதில் இத்தனை பங்கு என்று உண்டு. அதற்கு மேல் ஒன்று கூடாது. கல்யாணமான ஆண்கள்தான் பங்குக்கு உரியவர்கள். தாலி கட்டியதும் கிடைத்துவிடாது. வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் செத்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் இடம் காலியாகும். அடுத்தவன் உள்ளே வருவான்.

இன்னொன்றும் உண்டு. உடம்பு நனைந்தவனுக்குத்தான் பங்கு. ஊரில் இல்லாதவன் பேரில் இன்னொருவன் வலை கட்டக் கூடாது. வெளியே போகிறவன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பங்கை விட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படிப் போனவன் என்றைக்காவது திரும்பி வந்தால் வரிசையில் நிற்கலாம். சொல்லாமல் போனவன் பேர் அடியோடு போய்விடும். அவன் பிள்ளைக்கும் கிடையாது.

எனக்குப் பங்கு இருந்தது. படகு இல்லை. இருந்ததும் புயலில் உடைந்துவிட்டது. அடுத்தவர் படகில் போய் வலை கட்டினேன். பிடித்ததில் பாதி படகுக்காரருக்குப் போய்விடும்.

பழவேற்காட்டில் இறால் வாங்கும் வியாபாரி ஒருவர் இருந்தார். பாய் என்று கூப்பிடுவோம். அவருடைய மச்சான் கப்பல் வேலைக்குப் போய், ஐரோப்பாவில் வடக்கே ஒரு குளிர் நாட்டில் தங்கிவிட்டவர். அங்கே மீன் கம்பெனியில் வேலை. மீன் அறுக்க ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தார். பாய் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, நாலு வருஷம் போய்ட்டு வா. வந்து சொந்தமா படகு வாங்கிக்கோ. யார் ஊட்டு வாசல்லயும் நிக்க வேணாம்."

"அந்த ஊரு பாஷ தெரியாதே பாய்."

"மீனுக்கு இன்னாப்பா பாஷ? கத்திய வச்சா சரி."

பாஸ்போர்ட்டுக்கே பல மாதம் அலைந்தேன். பிறந்த தேதி கேட்டார்கள். நான் பிறந்த அன்று ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் உடைந்து திறந்துகொண்டது என்பதுதான் என் அம்மாவுக்குத் தெரியும். பொன்னேரியில் மனு எழுதுகிறவர் அவராகவே ஜனவரி ஒன்று என்று போட்டார். விசாரிக்க ஒரு போலீஸ்காரர் குப்பத்துக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் ஆண்கள் எல்லாரும் படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார்கள். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல கரையில் ஆள் இல்லை. கடைசியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சொன்னார்கள். போட்டோவுக்கு ஸ்டூடியோக்காரர் தன் கோட்டை மாட்டிவிட்டார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாய்யா இது, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கீற! யார் ஊட்டுக்குய்யா போற?"

அவள் அப்படி வாய்விட்டுச் சிரிப்பவள்தான், அப்போது.

ஐப்பசியில் பெர்மிட் வந்தது. பாய் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். அந்த நாட்டு அரசாங்கம் எனக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்திருந்தது. வழவழப்பான தாள். கீழே வட்டமாக ஒரு முத்திரை. என் பேர் எது என்று பாய் விரல் வைத்துக் காட்டினார். குப்பம் முழுக்கக் கை மாறியது. ஈரக் கையோடு யாரும் தொடாதீர்கள் என்று என் வீட்டுக்காரி கூடவே போய்க்கொண்டிருந்தாள்.

"டேய், அந்த ஊர்ல தண்ணியே கல்லாப் பூடுமாம். இவன் வலைய வச்சிட்டுக் கடப்பாரைய எடுத்துக்கினு போவணும்."

"வரும்போது வெள்ளக்காரிய இட்டுக்கினு வந்துடாதடா. இங்க கருவாட்டு நாத்தத்துல மயங்கி வியுந்துடுவா."

அன்றைக்கே எனக்குப் 'பாரின்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பாய் போகும்போது சொன்னார். "திங்கக்கெழம மெட்ராஸ் போயி விசா முத்திர வாங்கிடு. அது இருந்தாதான் பிளேன்ல ஏத்துவான். லேட் பண்ணாத."

"கூட்டம் முடியட்டும் பாய்."

"எப்பப்பா கூட்டம்?"

"பௌர்ணமி கழிச்சி."

பௌர்ணமி வெளிச்சத்தில் இறால் படாது. அதனால் அதை ஒட்டித்தான் ஊர் கூடும். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"முத்திரைய வாங்கி வச்சிக்கோ. கூட்டத்துல அப்பால சொல்லேன்," என்றார் பாய்.

"அது முடியாது பாய். முத்திர வாங்கிட்டா நான் போனவன். போனவன் வலை கட்டினா அது திருட்டு."

"உங்க ஏரிச் சட்டம் அந்த வெள்ளக்காரனுக்குத் தெரியுமாப்பா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன். முத்திரை வாங்கிவிட்டு, பங்கையும் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் வலை கட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் அப்படி வளரவில்லை. இரண்டு வாரத்துக்கு வலை கட்டாமலும் இருக்க முடியாது. சாப்பாடு அதில்தான். எனவே கூட்டம் வரும்வரை பொறுத்திருந்தேன்.

பௌர்ணமி கழிந்தது. கோயில் முன்னால் ஊர் கூடியது. நான் எழுந்து நின்றேன். "பாட்டுல என் பங்க உட்டுட்டேன். வெளிய போறேன். திரும்பி வந்தா வரிசைல நிப்பேன்," என்றேன். நாட்டார், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன்.

வரிசையில் அடுத்து இருந்தவன் ஒரு சின்னப் பையன் மாதிரி இருப்பான். ஆனால் கல்யாணமாகி மூன்று வருஷம். அதுவரை கூலிக்கு வலை இழுத்தவன். அவன் பெண்டாட்டி நிறைமாதம். நாட்டார் அவன் பேரைச் சொன்னதும் எழுந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டேய், அவன் பிளேன் ஏறப்போறான், நீ ஏண்டா அழுவுற?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பாயும் நானும் பொன்னேரியில் ரயில் ஏறினோம்.

மெட்ராஸில் அந்த நாட்டு வேலையைப் பார்க்கும் ஆபீஸ் ஒன்று. பெரிய பங்களா. மின்விசிறி சத்தம்தான் கேட்டது. ஒரு தமிழ் ஆள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பெர்மிட்டை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"இது எப்ப வந்துது?"

சொன்னேன்.

"வந்த உடனே ஏன் வரல?"

பௌர்ணமி என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். எண்ணெய் விலை ஏறிவிட்டது. அங்கே கம்பெனிகளில் ஆள் குறைக்கிறார்கள். வெளிநாட்டு ஆள் இனி வேண்டாம் என்று அந்த அரசாங்கம் முடிவு செய்துவிட்டது. ஏற்கெனவே விசா முத்திரை வாங்கியவர்கள் போகலாம். வாங்காதவர்கள் போக முடியாது. போன வாரம் உத்தரவு வந்தது.

"போன வாரமா?" என்று பாய் கேட்டார்.

"ஆமாங்க."

"ஒரு வாரம்தானே சார். எழுதிக் கேட்டுப் பாருங்க சார். நல்ல புள்ள சார். மீன் அறுக்கறதுல இவனாட்டம் ஆள் கெடையாது சார்."

அந்த மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அவர் ஆபீசர். அவருக்குக் கீழே வேலையாட்கள் இருந்தார்கள். அவரே கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அந்த நாட்டின் மேலும் வரவில்லை. எங்கள் ஏரியில் வெளியூர் ஆள் வலை கட்டினால் நாங்களும் வலைக் கழியைப் பிடுங்கி எறிகிறவர்கள்தானே. அவர்களுக்கும் ஏதோ பாடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் பாய் அழுதார். "நான் கைய்யப் புடிச்சி இஸ்துக்கினு வந்திருக்கணும்பா. உன் பேச்சக் கேட்டு சும்மா இருந்துட்டேனே," என்றார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். பொன்னேரி வயலெல்லாம் தண்ணீர் நின்றிருந்தது.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி அழவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"பங்கு?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"போய்க் கேளுய்யா. நேத்துதானே சொன்ன. இன்னும் சீட்டுகூட எடுக்கல."

"குட்த்தது குட்த்ததுதான்."

"நீ குட்த்த. நானும் புள்ளயும் குட்த்தமா?"

நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

நாட்டார் கூப்பிட்டு அனுப்பினார். "சட்டத்த மாத்த முடியாது நைனா. ஆனா அந்தப் பையன் தானா உட்டுக் குட்த்தா ஊரு குறுக்க வராது. நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரு," என்றார். நல்ல மனசில்தான் சொன்னார்.

நான் போகவில்லை. அவன் வந்தான். சீட்டு எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம். வாசலில் நின்றான். உள்ளே வா என்றால் வரவில்லை. அந்த வாரம்தான் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது.

"ணா, நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளு. நான் குட்த்துடறேன். எனக்குக் கூலி பயக்கம்தான்."

அவன் கண்ணைப் பார்த்தேன். கொடுத்துவிடுவான். கேட்டால் நிச்சயம் கொடுத்துவிடுவான். அதனால்தான் கேட்க முடியவில்லை.

"போடா. போயி நல்ல எடமா சீட்டு வருதா பாரு," என்றேன்.

உள்ளே அடுப்பு பக்கம் என் வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குச் சோறு போட்டாள். பல நாள் பேசவில்லை.

பங்கு இல்லாதவனுக்குக் குப்பத்தில் கூலி வேலைதான். என் பங்கில் நானே போய்க் கூலிக்கு வலை இழுக்க வேண்டும். அது என்னால் முடியும். அவளால் கரையில் நின்று பார்க்க முடியாது. அப்போது கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. நிலத்தைச் சமன் செய்து ஒவ்வொன்றாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு குடிசையை வாடகைக்குப் பிடித்தோம். முதலில் செங்கல் சுமந்தேன். பிறகு பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் கம்பெனியில் சேர்ந்தேன். கேட்டில் ஒரு தகர டோக்கன் கொடுப்பார்கள். அது இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பாரின் என்ற பேர் எப்படியோ அங்கேயும் வந்து சேர்ந்தது. "ஏய் பாரின், கம்பியப் புடி. பிளேனுக்கு நேரமாச்சா?" என்பார்கள். சிரித்துவிட்டுப் பிடிப்பேன். தண்ணீரில் நின்றவனுக்கு நெருப்புப் பக்கம் நிற்பது கஷ்டம். முதல் வருஷம் உடம்பு முழுக்கக் கொப்புளம். பிறகு பழகிவிட்டது.

ஊருக்குப் போய் வரிசையில் என் பேரைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பங்கு வரும்வரை வெளியே கூலிக்கு இருக்கலாம். எனக்கு முன்னால் இருந்தவன் பங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெட்ராஸில் துறைமுக வேலைக்குப் போய்விட்டான். வரிசையில் நான்தான் முதல் ஆள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வரும்போது ரோட்டோரம் ஓர் அம்மன் கோயில். வீட்டுக்காரியும் பிள்ளையோடு அங்கே வந்துவிடுவாள். கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. தாயே, ஏரியில் எனக்கு ஓர் இடம் கொடு. அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதுவும் கையைக் கூப்பிக்கொண்டு, "ஏரில எடம் குடு சாமி," என்று சத்தமாகச் சொல்லும். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பையன் அவ்வப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவான். ஓலைக் கூடையில் இறால் கொண்டுவருவான். என் வீட்டுக்காரி முதலில் வாங்கவில்லை. வாசலிலேயே வைத்துவிட்டுப் போவான். பிறகு வாங்கினாள். அதற்குப் பிறகு, "உன் புள்ள நடக்குதா?" என்று கேட்டாள். அப்புறம் அவன் வந்தால் சோறு போடாமல் அனுப்பமாட்டாள்.

இரண்டாம் வருஷம் மழை தொடங்கும் முன்னால் ஒரு தடவை வந்தான். கூடையைக் கீழே வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண் மஞ்சளாக இருந்தது. இலை அரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன், சரியாகிவிடும் என்றான். மறுநாள் நான் டோக்கன் வாங்கவில்லை. அவனைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார். ஏன் இவ்வளவு நாள் விட்டாய் என்று திட்டினார்.

"பாடு நடக்குதுங்களே. முறைய உட்டுட்டு எப்டி வர்றது?" என்றான்.

டாக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "நீ போணா, வேல கெடப்போவுது," என்று என்னை அனுப்பிவைத்தான்.

மழைக்காலம் நடுவில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம். கம்பெனி கேட்டில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நாட்டார் குடையோடு நின்றிருந்தார். வேட்டி முழங்கால்வரை சேறு.

"பையன் ஆஸ்பத்திரிலயே பூட்டாம்பா," என்றார். மூச்சு வாங்கினார். அந்த மூச்சு அடங்குவதற்குள்ளேயே, "வரிசைல நீதான் மொத. அடுத்த சீட்டுக்கு வந்துடு," என்றார்.

அவர் மேல் தப்பில்லை. இரண்டு சேதி கொண்டுவந்தார். இரண்டையும் சொன்னார்.

அரை நாளோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே, இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கும் சொல்ல வந்தது. அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நான் இத்தக் கேக்கலியேய்யா," என்றாள்.

"நானும்தான்," என்றேன்.

பெர்மிட் கைநழுவிய அன்று அழாதவள் அன்று சாயங்காலம்வரை அழுதாள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துப் பார்த்தேன். நான் வேண்டாம் என்றால் பங்கு அடுத்தவனுக்குப் போகும். செத்தவன் பெண்டாட்டிக்கோ பிள்ளைக்கோ போகாது. உடம்பு நனைகிறவனுக்குத்தான் பங்கு. அதனால் எடுத்துக்கொண்டேன். டோக்கனைக் கேட்டில் கொடுத்துவிட்டு, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். படகுக்காரருக்குப் பாதி போக, மீதியில் ஒரு பாகம் அந்த வீட்டுக்குப் போகும்படி ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பங்கு வரும்வரை அப்படித்தான் நடந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவன் இருந்திருந்தால் அது முழுக்க அவனுடையது.

முதல் நாள் எனக்கு வந்த சீட்டு நல்ல இடம். முகத்துவாரம் திறந்திருந்தது. வலையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவ்வளவு இறால். "பாரின், இன்னாடா உன் அதிஷ்டம்!" என்று பக்கத்துப் படகிலிருந்து கத்தினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு வருஷமாக இதற்குத்தான் ஏங்கினேன். எனக்கு வலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடலாம் போல இருந்தது. கரையில் அந்தப் பையனின் பெண்டாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்தப் படகையும் பார்க்காமல் நின்றிருந்தாள்.

பெர்மிட் கைவிட்டுப் போனதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அது யாரோ முகம் தெரியாதவர்கள் மூடிய கதவு. எனக்குக் கதவு திறந்த விதம்தான் மறக்கவில்லை. ஓர் இடம் காலியாக வேண்டும் என்று கேட்டேன். அங்கே ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்பதை நினைக்காமல் கேட்டேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன், கை கூப்புகிறேன், எதுவும் கேட்காமல் திரும்பி வந்துவிடுகிறேன்.